சிவப்பு பல்பின் மேலே என் முகம்

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. பல்கனிக் கொடியில் எல்லாம் காயும். மகளின் பள்ளிக்கூடச் சட்டை, கணவரின் சாரம், என் வீட்டுச் சேலை. என் சீருடை மட்டும் குளியலறைக்குள், கதவைச் சாத்தி, காற்றில்லாமல் காயும். நான் இராணுவ மருத்துவமனையில் தாதி. தமிழ்த் தாதி. அக்கம்பக்கத்தில் 'ஆஸ்பத்திரியில வேலை' என்றால் கதை அதோடு முடிந்துவிடும். சீருடையைப் பையில் கொண்டுபோய் முகாமுக்குள் மாற்றிக்கொள்வேன். என் மகள் என்னை அந்த உடுப்பில் கண்டதே இல்லை.

பிறகு பல நாட்டு அமைதிப்படையின் மருத்துவமனைக்கு என்னை எடுத்தார்கள். ஆபிரிக்காவில், ஒரு பெரிய நதியோரம், ஒரு வருடத்துக்கும் மேல். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. கடலைப் பார்த்தபடி குடியிருப்பவர்களுக்குப் போகிற ஆசை சுலபமாக வந்துவிடுகிறது.

புறப்பட்ட காலை மகள் என் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தாள். நாடி பிடிப்பது எங்கள் இருவரின் விளையாட்டு, நான் பழக்கியது.

"அம்மா, இது எப்பவும் ஓடிக்கொண்டே இருக்குமோ?"

"ஓம் பிள்ளை."

"அங்கயும்?"

"அங்கயும்."

கணவர் ஜிந்துப்பிட்டி முருகனுக்கு நேர்த்தி வைத்தார். நான் நல்லபடியாகத் திரும்பும்வரை முகத்தில் சவரக்கத்தி படாது.

அங்கே செம்மண் புழுதி, பெட்டி போன்ற தகர அறை, ஓயாமல் உறுமும் ஜெனரேட்டர். போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில், நீலத் தொப்பியுடன் எடுத்த படம் ஒன்றை அனுப்பினேன். சீருடையில் நான் வீட்டுக்குள் நுழைந்தது அப்போதுதான், அதுவும் படமாக. கணவர் மகளையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய், பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்தார்.

ஸ்டூடியோக்காரர் தாடியைப் பார்த்தார். கையைப் பிடித்து நிற்கும் சிறுமியைப் பார்த்தார். ஒரு பெண்ணின் படம், அதுவும் சீருடையில். எங்கள் ஆட்களில் வீட்டில் சாவு விழுந்தால் ஆண்கள் தாடியை அப்படியே விடுவார்கள். அப்படி நிற்பவரிடம் யாரும் விசாரிப்பதில்லை. அவரும் விசாரிக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு டொபி கொடுத்தார்.

படம் வந்தபோது என் நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டு. நரை கறுத்திருந்தது. கண்ணுக்குக் கீழிருந்த கருவளையம் போய்விட்டது. தொப்பியை மட்டும் தொடவில்லை. சட்டத்தின் அடியில், வயரோடு, ஒரு சின்னச் சிவப்பு பல்ப்.

"லைட் என்னோட பங்கு, அண்ணே," என்றாராம். "எந்நேரமும் எரியட்டும்."

அன்று வீடியோவில் கணவர் சொன்னார்: "திருப்பிக் குடுக்கத்தான் நினைச்சனான். அந்தாளுக்குக் கண் கலங்கிப் போச்சு. என்ட மனிசி உயிரோட இருக்கிறா எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அப்பிடியேதான் சொல்லுறது."

"பேந்து அந்தாள் அழுதிருக்கும்."

சிரித்தோம். அந்தத் தூரத்துக்கு ஒருவர் சிரிப்பு மற்றவரிடம் பிந்தித்தான் வரும். நான் நிறுத்திய பிறகு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் நான், அடியில் சிவப்பாக எரிந்துகொண்டு. பல்பை மாட்டியது மகள். இணைப்பு மோசமான நாட்களில் இருவர் முகமும் சதுரம் சதுரமாக உடையும். அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும் உடையாது.

நாட்கள் போக மகள் போனுக்கு வருவது குறைந்தது.

"அவவைக் கூப்பிடுங்கோவன்."

"அவ உம்மோடதான் கதைச்சுக்கொண்டு இருக்கிறா," என்று போனைத் திருப்பினார்.

முதுகைக் காட்டிக்கொண்டு படத்தின் முன் நின்றாள். பல் விழுந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். விழுந்த பல்லை உயர்த்திக் காட்டினாள், அவளுக்கு. பொட்டு வைத்தவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக்கேட்டேன்.

எப்போது தொடங்கியது என்று தெரியாது, நானும் சுகம் விசாரிப்பதை விட்டுவிட்டேன். எடுத்ததும், "லைட் எரியுதோ?" என்பேன். எரியுது என்றால் அன்றைய வேலை ஓடும்.

ஒருநாள் தூர முகாமிலிருந்து நோயாளிகளை ஏற்றிவரப் போனோம். வண்டியில் ஏறுமுன் கேட்டேன்.

"இப்ப கரண்ட் இல்லை. வந்திடும்," என்றார் கணவர்.

வழிநெடுக என் மணிக்கட்டை நானே பிடித்திருந்தேன். ஓடியது. என்றாலும் சாரதி எனக்கு அந்தப் பக்கம் இருந்தவரோடு என்னை ஊடுருவிக் கதைத்தார், நடுவில் இருக்கை வெறுமையாக இருப்பதுபோல. மதியம் சாப்பாட்டுப் பொதிகள் பகிர்ந்தபோது ஒன்று குறைந்தது. குறைந்தது எனக்கு.

"ஐயோ மிஸ், உங்களைக் காணவே இல்லையே," என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார் பொதி கொடுத்த சிப்பாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர் பக்கத்தில்தான் இருந்தேன்.

தவணை முடிந்து ஊருக்குத் திரும்பி வந்தேன். விமான நிலையத்தில் மகள் தகப்பனின் காலுக்குப் பின்னால் நின்று என் நெற்றியையே பார்த்தாள். வீட்டுக்குள் வந்ததும் நேரே படத்திடம் போனாள்.

"அம்மா, ஒரு ஆள் வந்திருக்கிறா. உங்களை மாதிரித்தான். ஆனா கறுப்பு."

"பிள்ளை, அதுதான் அம்மா," என்றார் கணவர்.

"தெரியும். சும்மா சொன்னனான்."

சும்மா சொல்லவில்லை. அன்று முழுக்க என்னைத் தொடாமல் சுற்றிப் போனாள்.

மறுநாள் ஜிந்துப்பிட்டிக்குப் போய் நேர்த்தி கழித்தோம். தாடி போன முகம் சிறுத்து, யாரோ ஒருவருடையதாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும், "இனி இந்த லைட்டைக் கழட்டுவமே," என்றேன்.

கணவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றார். "இவ்வளவு நாளும் எரிஞ்சது. சட்டெண்டு நிப்பாட்ட... ஒரு மாதிரிக் கிடக்கு. நீரே செய்யுமன்."

வார்டில் எத்தனையோ பேரின் இயந்திரங்களை, டொக்டர் தலையசைத்த பிறகு, நிறுத்திய கை இது. சுவிட்சுக்கு அருகில் போய் நின்றுவிட்டது.

"இருங்கோ!"

மகள் ஓடிவந்தாள். என் இடது கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து அழுத்தினாள். வந்த பிறகு அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. விரல்கள் குளிர்ந்திருந்தன. இடம் பிழைத்தது. தேடிப் பிடித்தாள்.

"ம். இப்ப நிப்பாட்டுங்கோ."

அழுத்தினேன். சிவப்பு போனது. கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் ஒன்று போக, சுவரில் சட்டம் மெல்ல அதிர்ந்து நின்றது. பொட்டு வைத்தவளின் முகம் சாதாரணப் பகல் வெளிச்சத்தில் வெறும் கடதாசியாக இருந்தது. மகள் விரலை எடுக்கவில்லை.

"ஓடுதோ?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

"உஷ்," என்றாள். "எண்ணிக்கொண்டிருக்கிறன்."