துண்டுக்குள் நான்கு விரல்

கப்பலில் வந்த சாவாத் தீவுச் சீனி தூத்துக்குடியில் மூட்டை மூட்டையாக இறங்கத் தொடங்கியபின் எங்கள் கருப்பட்டி விலை வருஷா வருஷம் சரிந்தது. அந்தச் சாவா எந்தத் திசையில் இருக்கிறது என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. ஆனாலும் வாய் வலிக்கத் திட்டினோம்.

திசையன்விளைச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. வியாபாரி துண்டைப் போட்டுக் கையை மூடுவார். உள்ளே எத்தனை விரலுக்கு இசைகிறோமோ, சிப்பத்துக்கு அத்தனை ரூபாய். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது.

ஐந்து விரலுக்குக் கீழே போனால் கஞ்சிக்கு வழியில்லை. அதனால் எங்கள் பனங்காட்டு வீட்டார் அத்தனை பேரும் திருச்செந்தூர் போனோம். பனையேறிகளான எங்களைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள். இடுப்பளவு கடலில் நின்று, கையில் நீரை அள்ளி, ஐந்துக்குக் கீழே இசைவதில்லை என்று கோபுரத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தோம். என் தங்கை புருஷன்தான் முதலில் நீரை அள்ளியவன்.

அடுத்த சந்தையில் வியாபாரி துண்டுக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் முணுமுணுத்தார்: "சீனி மலிஞ்சு கெடக்கு வே. கடலோரத்துக்காரன் நாலுக்குக் குடுத்துட்டுப் போயிட்டான். ஒம்ம கருப்பட்டிய எவன் வாங்குவான்?"

வீட்டில் அரிசி இல்லை. நான் நான்கு விரலை நீட்டிவிட்டேன். மறுவாரம் அந்த நான்குதான் சந்தைக்கே விலை. அதற்கும் அடுத்த வாரம் மூன்று.

நான் நான்குக்கு இசைந்த அன்று தங்கை புருஷன் ஐந்திலேயே நின்று, விற்காத சுமையோடு திரும்பினான்.

"ஒமக்கு எத்தன வெரலு மச்சான்?"

"அஞ்சு" என்றேன்.

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அப்ப எஞ் சரக்குலதான் கொறையா?" ஒரு துண்டை உடைத்து என் வாயில் போட்டான்.

முதல்தரமான கருப்பட்டி. என் தங்கை காய்ச்சியது. "கலயத்துல சுண்ணாம்பு ஒரு பொட்டு கூடியிருக்கு" என்றேன்.

பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவது தங்கைதான். அன்று அவளுக்கு நல்ல ஏச்சு கிடைத்தது. மறுநாளிலிருந்து சுண்ணாம்பைக் குறைத்தாள். பதநீர் புளித்தது. காய்ச்சியது கட்டிப்படாமல் கூழாகவே கிடந்தது. மரத்துக்காரர், அவன் குத்தகைக்கு ஏறிவந்த மரங்களை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார். இருவரும் இலங்கைக்கு, கண்டித் தேயிலைத் தோட்டத்துக் கூலி வேலைக்குப் புறப்பட்டார்கள்.

வண்டியில் ஏறும்போது தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயாவது சொன்னியே அண்ணே. இல்லன்னா நான் நல்லாத்தான் காய்ச்சுதேன்னு நெனச்சிக்கிட்டே இருந்திருப்பேன்."

வண்டி நகர்ந்த பிறகும், நான்கு விரல் நீட்டிய அந்தக் கையை மடியில் ஒளித்துக்கொண்டு நின்றேன்.