காற்றடித்த தீவில் காத்திருந்த சம்பந்தி

செவ்வாய்க்கிழமை காலை சான் ரமோனிலிருந்து மில்பிடாஸ் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நியூ ஜெர்சியிலிருந்து மகள் நித்யா அழைத்தாள். "அப்பா, காரை ஓரமா நிறுத்துங்க" என்றாள். ஃப்ரீவேயிலிருந்து இறங்கி நிறுத்தினேன். "மாமா போயிட்டார்ப்பா. தூக்கத்துலயே." அவளுடைய மாமனார், என் சம்பந்தி, பிளெய்ன்ஸ்பரோ தணிகாசலம் அவர்கள் காலமாகிவிட்டார்.

வேலூர்க்காரர். மருந்துக் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பிளெய்ன்ஸ்பரோவில் அவரைத் தெரியாத தமிழ்க் குடும்பம் குறைவு. தெரியாதவர்களுக்காக, ஒரு சின்ன விமான நிலையத்தில் அவர் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோதே நான் அவரிடம் சண்டை போட்டேன். பிள்ளைகள் இருவரும் கிரேக்கத் தீவு ஒன்றில்தான் கல்யாணம் என்று முடிவு செய்திருந்தார்கள். "பக்கத்துலயே கோயில் இருக்கு, ஹால் இருக்கு. மாப்பிள்ளையோட அப்பா நீங்க, ஒரு வார்த்தை கண்டிக்கக் கூடாதா?" என்று பிடித்துக்கொண்டேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கடைசியா நான் சொல்லிக் கார்த்திக் கேட்டது, டாக்டர்கிட்ட வாயைத் திறடான்னு சொன்னப்போ, சம்பந்தி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீம்பு பிடித்தேன். மனைவி, மகள், தம்பி எல்லாரும் நான்கு நாள் முன்பே தீவுக்குப் போனார்கள். "நான் முந்தின நாள் வந்தா போதும்" என்று விட்டேன். அதற்கு நன்றாக அனுபவித்தேன். நான் ஏதென்ஸில் இறங்கிய நாளில் தீவில் பேய்க்காற்று, ஒரு விமானமும் போகவில்லை. கல்யாணத்தன்று விடியற்காலை ஒரு சின்ன விமானம் கிளம்பியது. தீவுக்கு மேல் போய்க் குலுங்கு குலுங்கென்று குலுங்கியது. கீழே ஓடுபாதை தெரிந்தது. இறங்க முடியாமல் திரும்பி ஏதென்ஸுக்கே வந்துவிட்டது.

பத்தரை முதல் பன்னிரண்டு வரை முகூர்த்தம். பத்து மணிக்கு மனைவி அழைத்தாள். சம்பந்தியின் அக்கா, அதட்டலான அம்மாள், முடிவு செய்துவிட்டாராம்: நேரம் தவறக் கூடாது, பெண்ணின் சித்தப்பாவே தாரை வார்க்கட்டும். நியாயம்தான். ஆனால் பெற்றவன் நான் ஏதென்ஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, என் பெண்ணை என் தம்பி கைப்பிடித்துக் கொடுக்கப்போகிறான். யாரைத் திட்டுவது? வீம்பு பிடித்தவன் நான்தானே. "சரி, நடத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன்.

அரைமணி கழித்து மறுபடி அழைத்தாள். "ஏங்க, உங்க சம்பந்தியக் காணோம். தாலியையும் காணோம்!"

"என்னடி சொல்ற?"

"ஐயர் தாலியக் கேட்டாரு. அது அவர்கிட்டதான் இருந்துச்சு. ஆளே இல்ல. கார்த்திக் ஃபோன் பண்ணினா, சிக்னல் வீக்கா இருக்கு கண்ணான்னு கட் பண்ணிடறாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அடுத்த விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை விமானி எப்படியோ இறக்கிவிட்டார். மணி ஒன்று தாண்டியிருந்தது.

நம் ஊர் டவுன் பஸ் ஸ்டாண்டைவிடச் சின்னது அந்த விமான நிலையம். ஒரே கூடம், ஒரே லக்கேஜ் பெல்ட், மூலையில் ஒரு காபிக் கடை. அதற்குப் பக்கத்து நாற்காலியில் பட்டு வேட்டியோடு, காபிக் கடை அம்மாளின் கம்பளிச் சட்டையைப் போர்த்திக்கொண்டு தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். மடியில் யாருடையதோ ஒரு பூனை. என்னைப் பார்த்ததும் எழுந்து, சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

"வாங்க சம்பந்தி. தாலி இங்க பத்திரமா இருக்கு. எட்டு மணிக்கே, அக்கா பேச்சை ஆரம்பிச்சதுமே எடுத்துட்டு வந்துட்டேன். அக்காகிட்ட ஆர்க்யூ பண்ண என்னால ஆகாது."

"முகூர்த்தம் போயிடுச்சே!" என்றேன்.

"அது நாளைக்கும் ஒண்ணு வரும். பொண்ணோட அப்பாவுக்கு இது ஒரே தடவை."

மாப்பிள்ளை வீட்டார் எப்படி நடந்துகொள்வார்கள் என்று நமக்குத் தெரியாதா? காபியில் சர்க்கரை குறைந்தால்கூட முகம் தூக்குவார்கள். இந்த மனிதரோ தாலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, எனக்காகத் தன் மகன் கல்யாணத்தையே நிறுத்தி வைத்திருந்தார். எத்தனை பேர் திட்டியிருப்பார்கள்! நித்யாவின் கையை நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.

"எமகண்டத்துல தாலி ஏறுதே" என்று அவர் அக்கா சாப்பாட்டுப் பந்தி வரை புலம்பினார். "எமன் இந்த ஏர்போர்ட்ல எறங்க முடியாதுக்கா, காத்து ஜாஸ்தி" என்றார் தணிகாசலம். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ஐந்து வயதில் ஒரு பேத்தி.

பிறகு வருஷா வருஷம் சான் ரமோனுக்கு வந்து எங்களோடு ஒரு மாதம் தங்குவார். அந்தக் கதையை நான் எடுத்தாலே, "விடுங்க சம்பந்தி, பூனை நல்லா இருந்துச்சு, அதான் உட்கார்ந்துட்டேன்" என்று எழுந்து போய்விடுவார். முகத்துக்கு நேரே நான் அவருக்கு நன்றி சொன்னதே இல்லை. சொல்ல விட்டால்தானே!

இறுதிச் சடங்குக்கு அங்கிருந்த ஃபியூனரல் ஹோமில் பதினொன்று முதல் ஒன்று வரை நேரம் கொடுத்திருந்தார்கள். இந்த முறை நான் வீம்பு ஏதும் பிடிக்கவில்லை, கிடைத்த முதல் விமானத்தில் ஏறினேன். நியூ ஜெர்சியில் பனி. பாதி வழியில் வேறோர் ஊரில் இறக்கி மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. கூடத்தில் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டிருந்த கார்த்திக் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஸாரி மாமா. ஒன் அவர் வெயிட் பண்ணுங்கன்னு ரொம்பக் கெஞ்சினேன். முடியாதுன்னுட்டாங்க. அடுத்த ஃபேமிலி வெளியில நின்னுட்டிருந்தாங்க."

அவர்கள் மேல் குற்றமில்லை. ஊரையே காக்க வைக்கத் துணிந்த ஒரே மனிதர், அந்த நேரம் சவப்பெட்டிக்குள் இருந்தார்.

சம்பந்தி, நான் வரும்வரை ஒரு கல்யாணத்தையே நிறுத்தி வைத்தீர்கள். உங்களை ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்க எனக்கு வழி தெரியவில்லை. மன்னித்துவிட்டுப் போய் வாருங்கள்.