தாள் போதாத பரீட்சை

என் மகளுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும். வாயால் கேட்டால் மடமடவென்று பதில் சொல்பவள், விடைத்தாளை வெறுமையாகவே கொடுத்துவிட்டு வருவாள். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆசிரியையை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினோம். முதல் நாள் முழுக்கப் பள்ளி வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மணி அடித்ததும் அந்த ஆசிரியை விரல்களை உதறிக்கொண்டே வந்தார்.

“ஏம்மா, உங்க மவ மூச்சே விடமாட்டேங்கா! ரெண்டு தடவ கூடுதல் தாள் வாங்கியாச்சு. எனக்குக் கை வீங்கிட்டு.”

“டீச்சர் ரொம்பப் பைய எழுதுதாங்கம்மா,” என்றாள் மகள்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஆசிரியையும் சிரித்துவிட்டார். என் பிள்ளைக்குத் தாள் போதவில்லையாம்! அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் தச்சநல்லூர் பஸ்ஸை விட்டோம். அடுத்த பஸ்ஸையும் விட்டோம்.