மரித்தோர் பட்டியலில் இருந்த பெயர்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஒரு காலத்தில் இந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஒரு காரியம் நடந்தது.

எழுபதுகளில் எனக்குச் சிங்கப்பூரில் தேக்கா பக்கத்தில் ஒரு மளிகைக் கிடங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தேன். மெழுகுவர்த்தி ஏற்றுவது, மணி அடிப்பது, சாமியாருக்குப் பூசை உடுப்பு எடுத்து வைப்பது என்று வேலை இருக்கும். யாரோடும் அதிகம் பேசத் தேவையில்லாத வேலை. எனக்கு அதுதான் பிடித்தது.

அந்த ஞாயிறுகள் இன்னும் கண்ணுக்குள் இருக்கின்றன. பூக்கடையிலிருந்து நேராக வருகிற பெண்களின் தலையில் மல்லிகை ஈரமாக இருக்கும். பிரசங்கத்தின் நடுவில் பக்கத்து அம்மன் கோயில் மேளம் கேட்கும். சாமியார் நிறுத்தி, சிரித்துவிட்டுத் தொடர்வார். பூசை முடிந்ததும் எதிரே கோப்பிக் கடையில் ஆண்கள் கூட்டம் சேரும். இப்போது பாதிப் பேர் தோ பாயோவுக்கும் ஜூரோங்குக்கும் மாறிப் போய்விட்டார்கள்.

இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. பூசையில் பெயர் சொல்லி வேண்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் என்னிடம் வந்து சொல்வார்கள். நான் மூன்று தாளில் எழுதி வைப்பேன். கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று, நன்றி சொல்ல ஒன்று, மரித்தவர்களுக்கு ஒன்று. முதல் இரண்டையும் கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் படித்துப் பார்த்த பிறகே சாமியாரிடம் கொடுக்க வேண்டும். "மாமியாருக்கு நல்ல புத்தி வரணும்னு எல்லாம் எழுதச் சொல்லுவாங்க, கோயிலுக்குள்ளயே சண்டை வந்துரும்" என்பார். மரித்தோர் தாளை அவர் பார்ப்பதில்லை. செத்தவர்களால் வம்பு வராது.

எங்கள் சந்தில் ஓர் அக்கா இருந்தார். சொந்தம் இல்லை, பழக்கத்தால் அக்கா. கணவர் இல்லை, ஒரே மகன். அவன் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வெல்டர். கோயிலில் கால் உடைந்து கிடந்த மெழுகுவர்த்தித் தட்டை ஒட்டவைத்துக் கொடுத்தவன் அவன்தான். பட்டறையில் சாரம் சரிந்து ஒருவர் இறந்த பிறகு, அவனும் கூட்டாளிகளும் சாரம் சரியில்லை என்று ஒரு துண்டுத்தாள் அச்சடித்துப் பட்டறை வாசலில் கொடுத்தார்கள். ஒரு நாள் அவன் வேலைக்குக் கிளம்பும்போது போலீஸ்காரர்கள் வந்து அழைத்துப் போனார்கள். நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவன் என்றார்கள். வழக்கு இல்லை, கோர்ட் இல்லை. இரண்டு வருஷத்துக்கு உத்தரவு, வேண்டுமானால் நீட்டிப்பார்களாம்.

கோப்பிக் கடையில் அவன் பேச்சே நின்றுபோனது. ஒருவர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "நாடு சின்னது லா. சீனரும் மலாய்க்காரரும் அடிச்சுக்கிட்ட கலவர வருஷம் மறந்துபோச்சா?" எனக்கு மறக்கவில்லை. அந்த வருஷம் மூன்று நாள் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். அதனால் அவர் சொன்னதைத் தப்பு என்று சொல்ல என்னால் முடியவில்லை. மெழுகுவர்த்தித் தட்டைப் பார்த்தால் சரி என்றும் சொல்ல முடியவில்லை.

அக்கா வாரம் ஒரு தடவை அவனைப் பார்க்கப் போவார். நடுவில் கண்ணாடி இருக்கும், டெலிபோனில் பேச வேண்டும். ஒரு ஞாயிறு பூசைக்கு முன்னால் என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒவ்வொரு தடவையும் ஒண்ணேதான் கேக்கறான். 'வெளிய யாராச்சும் என் பேரச் சொல்றாங்களாம்மா'னு. நான் என்ன சொல்லட்டும்?"

கஷ்டப்படுகிறவர்கள் தாளில் அவன் பெயரை எழுதினேன். உபதேசியார் பேனாவை எடுத்து அடித்துவிட்டார். "பொதுவா 'எல்லாருக்காகவும்'னு வேண்டிக்கலாம். பேரு வேணாம்பா. என் மவன் கவர்மெண்ட் ஆபீஸ்ல இருக்கான்." அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அக்கா கேட்டார்: "செத்தவங்க லிஸ்ட அவரு பாக்கறதில்லல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா, உயிரோட இருக்கற புள்ள. ஆகாதுக்கா."

"அவன் பேரு கோயில்ல கேக்கணும். ஆகறது ஆகாதத மாதா பாத்துக்குவாங்க. எழுது."

எழுதினேன். எப்போதையும்விட மோசமாக வந்தது. சாமியார் ஊரிலிருந்து புதிதாக வந்தவர், யாரையும் தெரியாது. நிறுத்தி நிதானமாக அப்பன் பெயரோடு வாசித்தார். முன்வரிசையில் உபதேசியாரின் கழுத்து விறைத்தது. "நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று எல்லாரும் சொன்னபோது அக்காவின் குரல் மட்டும் வரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பூசை முடிந்ததும் உபதேசியார் என்னைப் பிடித்துக்கொண்டார். "உயிரோட இருக்கறவன சாகடிச்சுட்டியே, எந்தத் தாள்ல எழுதறோம்னு கூடத் தெரியாதா?"

"தாள் மாறிப்போச்சுங்க. நான் படிக்காதவன்."

என் வாழ்க்கையில் அந்தச் சொல்லை வெட்கப்படாமல் சொன்னது அன்றுதான். அடுத்த ஞாயிறும் தாள் மாறியது. அதற்கடுத்த ஞாயிறும் மாறியது. நாலாவது வாரம் உபதேசியார் மரித்தோர் தாளைக் கையில் வாங்கினார். படித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். "உன் எழுத்து எனக்குப் புரியலப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மகனிடம் சொல்லியிருக்கிறார். அவன் விழுந்து விழுந்து சிரித்தானாம்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒரு ஞாயிறு மணி அடித்துவிட்டுத் திரும்புகிறேன், கடைசி பெஞ்சில் அவன். இளைத்திருந்தான். முந்தின நாள்தான் விட்டார்களாம். தாள் ஏற்கெனவே பீடத்துக்குப் போய்விட்டது. சாமியார் அவன் பெயரை வாசித்தார். அவனும் மற்றவர்களோடு சேர்ந்து தனக்கே நித்திய இளைப்பாற்றி கேட்டான்.

வெளியே வந்ததும் தோளில் கை போட்டான். "மாமா, என்னை எத்தனை தடவை சாகடிச்சீங்க? போதும் லா, எடுத்துருங்க."

அக்கா அடுத்த வாரம் நன்றித் தாளில் அவன் பெயரை எழுதச் சொன்னார். உபதேசியார் இந்த முறை பேனாவை எடுக்கவே இல்லை. ஆனால் அவனே என் கையைப் பிடித்தான்.

"வேணாம் மாமா. மீட்டிங், பேச்சு எதுவும் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. என் பேரு எங்கயும் வர வேணாம்."

'ஒரு தாயின் நன்றி' என்று மட்டும் எழுதினேன். வாசித்தபோது அக்கா எழுந்து நின்றார். உட்காரும்படி அவன் முந்தானையை இழுத்தான். அவர் உட்காரவில்லை.

அவன் பெயரை இங்கேயும் எழுதவில்லை. அவன் சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறது.

அக்கா போன மாதம் இறந்துபோனார். நேற்று கல்லறைத் திருநாள். அவன் தன் பிள்ளைகளோடு வந்தான். உபதேசியார் இப்போது இல்லை, அவர் பெயரும் மரித்தோர் தாளில்தான் இருக்கிறது. பட்டியலை இப்போது டைப் அடிக்கிறார்கள். அவன் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "அம்மா பேர நீங்க எழுதுங்க மாமா" என்றான். எழுதினேன். தாள் மாறவில்லை. சாமியார் வாசித்தபோது அவன் எழுந்து நின்றான். பிள்ளைகள் சட்டையை இழுத்தும் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். முடிக்க இன்றாகிவிட்டது.

3 நவம்பர் 1989, வெள்ளிக்கிழமை