காரைச் சுற்றி ஒரு நடை

மலாயாவில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுத் தந்த பஞ்சாபிக்காரர் ஒரு பழக்கத்தை மண்டையில் ஏற்றியிருந்தார். பின்னுக்கு எடுப்பதற்கு முன் இறங்கி, காரை ஒருமுறை சுற்றி நடந்து பார்க்க வேண்டும். பத்து வருஷம் நான் அதைத் தவறவிட்டதில்லை. தவறவிட்டது ஒரேயொரு நாள், எங்கள் வீட்டு ஒழுங்கையில், அந்தக் குறுகலான சந்தில். அதை என் தங்கைதான் இன்றுவரை அனுபவிக்கிறாள்.

மூன்று மாத லீவில் நல்லூருக்கு வந்து, வாடகைக் கார் ஒன்று எடுத்து நானே ஓட்டித் திரிந்தேன். மலாயாக்காரன் என்ற பவுசு வேறு. உண்மையில் ஊர் எனக்கு அந்நியமாகிவிட்டிருந்தது. மாட்டுவண்டிக்கு வழி விடுவதா, முந்துவதா என்றுகூடப் பிடிபடவில்லை. ஆகையால் கவனமாகத்தான் ஓட்டினேன். கவனமாக! அந்தச் சொல்லை எழுதவே கை கூசுகிறது.

அன்று காலை, மகனுக்கு வைத்த நேர்த்தியை முடிக்கத் தொண்டைமானாற்றுக் கோயிலுக்குப் புறப்பட்டோம். அம்மா, மனைவி, மகன், நான். தங்கை வரவில்லை. அவள் புருஷனை இழந்து இரண்டு வருஷம். "உவள் நிக்கட்டும்," என்றார் அம்மா. நான் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்களின் முழிவியளம் கெடக்கூடாதென்று, அதாவது முதலில் எதிர்ப்படும் முகம் தன்னுடையதாக இருக்கக்கூடாதென்று, அவள் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வது வழக்கம். அன்றும் அங்கேதான் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

ஒழுங்கையில் பத்தடி போயிருக்காது. எதிரே ஒருவன் தலையில் விறகுக்கட்டோடு வந்தான்.

"நிப்பாட்டு தம்பி! உவன் விறகோடை வாறான். வீட்டை போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுவம்," என்றார் அம்மா.

"உந்தச் சகுனமெல்லாம் ஒரு கதையோ அம்மா?" என்று எரிந்து விழுந்தேன். அந்த எரிச்சலிலேயே பின்னுக்கு எடுத்தேன். இறங்கவில்லை. பார்க்கவில்லை.

மருமகன், அதாவது என் மகன், போவதைப் பார்க்கத் தங்கை எங்கள் பின்னால் ஒழுங்கைக்கு வந்திருக்கிறாள். கார் நின்றதும், யாராவது திரும்பிப் பார்த்துவிடுவார்களே என்று அதன் பின்பக்கத்தோடு ஒட்டிக் குந்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவள் கண் விழித்ததும் என் கையைப் பிடித்தாள்.

"என்னிலைதான் பிழை அண்ணை. என்ரை முகத்திலை முழிச்சிடுவியள் எண்டு ஒளிச்சிட்டன். பிள்ளையின்ரை நேர்த்தி முடிஞ்சுதோ?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

கப்பலேறப் புறப்பட்ட அன்று வீடெங்கும் அவளைத் தேடினேன். ஊன்றுகோலோடு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தாள். தட்டினேன், கெஞ்சினேன். திறக்கவில்லை.

"நேரம் போகுது, போயிட்டு வாங்கோ அண்ணை," என்றாள் உள்ளேயிருந்து.