நாலு மணி நிழல்

"நாளைக்கு இந்நேரம் சம்பந்தியம்மா எங்க உக்காருவாங்க?" என்று காந்திமதியம்மா கேட்டபோதுதான் பந்தலை நிமிர்ந்து பார்த்தேன். கூரைக்குக் கீழே முழு வெயில். நாங்கள் போட்ட நிழல் முள்வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கொல்லையில் விழுந்திருந்தது. அதில் ஓர் எருமை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் ஏகாம்பரம் முதலாளியின் பந்தல் கடையில் நான் சூப்பர்வைசர். பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்த செல்லத்துரை, மனைவி காந்திமதியம்மாவோடு குவார்ட்டர்ஸை விட்டுச் சொந்த வீடு கட்டி வந்திருந்தார். மகளின் நிச்சயதார்த்தம் வீட்டுக் கொல்லையில், மாலை நாலு மணிக்கு. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வெயில் ஆகாது. முதல் தடவை வந்தபோதே மயங்கி விழுந்தவர். இந்த முறை முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்: வெயிலில் உட்கார வைத்தால் தட்டு மாற்றாமல் பஸ் ஏறிவிடுவாராம்.

தகர ஷீட் கொதிக்கும். சாமியானாத் துணி அனலைக் கீழே இறக்கும். கீற்றுதான் சரி என்று முடிவானது. அதுவரை தவறில்லை.

"அண்ணாச்சி, நல்லா ஒசரமா போடுங்க. காத்து வரணும்லா," என்றார் செல்லத்துரை. போட்டோம். உச்சிவேளையில் நிழல் கச்சிதமாகக் கூரைக்கு நேர் கீழே இருந்தது. எல்லோருக்கும் திருப்தி. சாயங்காலச் சூரியன் மேற்கில் இறங்கினால், உயர்ந்த கூரையின் நிழல் கிழக்கே நகர்ந்துவிடும் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை.

முதலாளி வந்து பார்த்தார். "பந்தலு இங்க கீது, நெயலு அங்க போய் குந்திகினு கீது. இன்னாபா இது!"

மேற்குப் பக்கம் துணி கட்டிப் பார்த்தோம். வெயில் நின்றது, காற்றும் நின்றது. உள்ளே இட்லிப் பானை போலப் புழுங்கியது. கூரையை மேற்கே இன்னும் நீட்டிக் கட்டலாம் என்றால், வைகாசி முகூர்த்தம்; பூந்தமல்லி வரை கீற்று மிச்சமில்லை.

வேலிக்கு அப்பாலிருந்து தனம்மாள் குரல் கொடுத்தார். அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். சாக்கடைத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அதனால் முதலாளியைப் பார்த்துத்தான் கேட்டார். "இன்னா அண்ணாத்தே, என் எருமைக்கா பந்தலு போட்டுகினு கீறீங்க?"

செல்லத்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் தோன்றியது. "சார், நிழலை இங்க கொண்டுவர முடியாது. நாற்காலியை அங்க கொண்டுபோகலாம்," என்றேன்.

"அவங்க வாசல்ல போயி நிக்கணுமாக்கும்?" என்றார் அவர்.

"நீங்க நிக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, காந்திமதியம்மா வெற்றிலை பாக்குத் தட்டோடு தெருவைச் சுற்றிக்கொண்டு போனார். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தனம்மாள் தட்டை வாங்கிக்கொண்டு சொன்னார்: "கூப்புடாத ஊட்டுக்கு நெயலே வந்துச்சு. கூப்ட்டா நா வரமாட்டனா?"

எருமை இடம் மாறியது. வேலியைப் பிடுங்கினோம். தனம்மாளே சாணம் தெளித்துப் பெரிதாகக் கோலம் போட்டார்.

மறுநாள் நாலு மணிக்கு நிழல் சொன்ன இடத்துக்கு வந்து நின்றது. திறந்த மேற்கிலிருந்து காற்று தாராளமாக வந்தது. சம்பந்தியம்மா நடுநாயகமாக உட்கார்ந்து, முந்தானையால் ஒரு தடவைகூட விசிறிக்கொள்ளாமல் தட்டை மாற்றினார். "யம்மா, இங்கன குளுகுளுன்னுல்லா இருக்கு. கல்யாணத்துக்கும் இதே பந்தல்தான்," என்றார். செல்லத்துரை முதல் பந்திக்குத் தனம்மாள் வீட்டாரைத் தானே கூப்பிட்டு உட்கார வைத்தார். பிடுங்கிய வேலியைத் திரும்ப நடச் சொல்லி எங்களை யாரும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு வந்த கொல்லைப்புற விசேஷங்களில் எங்கள் பந்தலுக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் கீற்றா, துணியா, தகரமா என்பதைப் பிறகு கேட்கலாம். எத்தனை மணிக்கு உட்காருவீர்கள் என்று முதலில் கேளுங்கள். சாயங்காலம் என்று சொன்னால், கிழக்குப் பக்கத்து வீட்டோடு பேச்சு வார்த்தை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.