நல்ல இடத்துப் பிள்ளை

சுவிசில் நான் படிக்கும் கிம்னாசியத்தில், அதுதான் உயர்பள்ளியில், ரோமர் காலத்துப் பகிடி நாடகம் ஒன்று போட்டோம். பிடிவாதக்காரக் கிழவர் ஒருவரின் மகன் அடிமைப் பெண்ணைக் காதலிக்கிறான். வீட்டு வேலைக்கார அடிமை பொய்க்கு மேல் பொய் சொல்லிக் கிழவரை ஏய்க்கிறான். அந்த அடிமை நான்தான். அடம்பிடிக்கும் தகப்பன்மாருக்கு இது நல்ல பாடம் என்று லத்தீன் வாத்தியார் சொன்னதை என் அக்கா அப்படியே நம்பிவிட்டாள், விசரி. அவளும் ஒருவனை விரும்பினாள். பீல் நகரத்தில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை, தங்கமான பெடியன். அப்பாவிடம் இன்னும் மூச்சு விடவில்லை. அவர் ஓம் என்றால் போதும், அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். நாடகத்துக்கு அவனையும் வரச்சொன்னாள்.

டீட்டிகோனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அப்பாவையும் அம்மாவையும் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்தி, கதையைத் தமிழில் அப்பாவின் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குச் சவுக்கடி விழ விழ அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நடிப்புத்தான், ஆனாலும் பெற்ற பிள்ளை அடிவாங்குவதில் என்ன அப்படிப் பகிடியோ, எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. மனிதர் இளகிவிட்டார் என்று அக்கா நினைத்தாள்.

கடைசியில் ஒரு மோதிரத்தை வைத்து, அந்தப் பெண் அடிமையே இல்லை, பக்கத்து வீட்டுப் பெரியவரின் தொலைந்துபோன மகள் என்று கண்டுபிடிப்பார்கள். உடனே கல்யாணம். அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

முடிந்ததும் வாசலில் அபெரோ என்று குடிக்கவும் கொறிக்கவும் கொடுத்தார்கள். அந்தப் பெடியன் அப்பிள் ஜூஸ் கிளாஸ் ஒன்றை இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினான். இவரை எனக்குப் பிடிக்கும் என்று அக்கா ஒருவாறு சொல்லிமுடித்தாள். அப்பா கிளாசை வாங்கிச் சிரித்தபடியே விசாரித்தார். ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி. சாதியை நேரே கேட்கமாட்டார்கள் எங்கள் ஆட்கள், மரியாதை தெரிந்தவர்களாம்! இங்கே பிறந்தவனுக்கு அந்தச் சூது எங்கே தெரியும், தாய் தகப்பன் சொன்னதை அப்படியே ஒப்புவித்தான். அப்பா தலையாட்டிவிட்டுக் கிளாசை ஜன்னல் விளிம்பில் வைத்தார். ஒரு மிடறும் குடிக்கவில்லை.

"நல்ல நாடகம்," என்றார் அக்காவிடம். "நல்ல இடத்துப் பிள்ளை எண்டு தெரிஞ்சாப் பிறகுதானே கட்டிவைச்சவை. அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு."

அக்கா அந்தக் கிளாசை எடுத்து, அவர் கண்ணைப் பார்த்தபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு அம்மாவிடம் திரும்பினார்.

"வீட்டை போனவுடனை இவளுக்கு ஒரு கிளாஸ் தனியா எடுத்து வை."

அம்மா ஓம் என்றார்.